ராகம் மாறும்... 'ச' மாறுமா? ஜாஸ் கலைஞர்கள் கார்டுகளை எப்படிப் படிக்கிறார்கள்? நெற்குப்பை பஸ் ரூட்டில் ஓர் எளிய விளக்கம்

1994-ல் வெளியான 'டூயட்' படம் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது சாக்ஸபோன்தான். ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் அதை வாசித்தவர், 2019-ல் மறைந்த கத்ரி கோபால்நாத். மேற்கத்திய கருவியான சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதத்தை முழுக் கச்சேரியாக வாசித்துக் காட்டியவர் அவர்.

அதே சாக்ஸபோனைத்தான் அமெரிக்காவில் ஜாஸ் கலைஞர்களும் வாசிக்கிறார்கள். எழுதி வைத்ததை அப்படியே வாசிக்காமல், மேடையிலேயே யோசித்து யோசித்து வாசிப்பது இரண்டிலும் உண்டு. நம்ம ஊரில் மனோதர்மம், கல்பனாஸ்வரம் என்கிறோம். அங்கே 'இம்ப்ரொவைசேஷன்' என்கிறார்கள்.

இந்த இரண்டு உலகமும் ஒரே ஆல்பத்தில் சந்தித்ததும் உண்டு. 2008-ல் வெளியான 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்தார்கள். கூடவே ஏ.கன்யாகுமரியின் வயலின்.

ஒரே கருவி, இரண்டு பேருமே மனோதர்மக்காரர்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

'ச' நிற்கிறதா, நகர்கிறதா?

கர்நாடகக் கச்சேரியில் தம்புரா முதல் பாட்டிலிருந்து மங்களம் வரை ஒரே சுருதியில் ஒலிக்கும். ராகமாலிகையில் ராகம் மாறினாலும் 'ச' மாறாது. கிரகபேதம் செய்யும்போது மட்டும் 'ச' கொஞ்ச நேரம் இடம் மாறியதுபோல் ஒரு மாயம் காட்டிவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஜாஸில் கதை வேறு. பின்னணியில் பியானோவோ கிதாரோ கார்டுகளை மாற்றிக்கொண்டே இருக்கும். (இது ஏடிஎம் கார்டு இல்லை. மூன்று, நான்கு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கச் செய்வதுதான் இசையில் கார்டு.) இந்தக் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசைதான் 'கார்டு ப்ரோக்ரஷன்'.

கார்டு மாறினால் காலுக்குக் கீழே தரை மாறுகிறது. போன நொடி இனித்த ஸ்வரம் இந்த நொடி குத்தும். சில பாட்டுகளில் 'ச'வே வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால்தான் ஜாஸ் கலைஞர் வாசிக்கும் முன்பு கார்டு வரிசையைப் படித்துப் பிரித்து வைத்துக்கொள்கிறார். ஹார்மனி அனாலிசிஸ் என்று சொல்லப்படுவது இதைத்தான்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்

கீபோர்டு கற்றுக்கொண்டு, யூடியூப் பார்த்து ஜாஸ் பக்கம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்படுவது 'ஒரு கார்டுக்கு ஒரு ஸ்கேல்' என்ற கணக்கு. டி மைனர் 7 வந்தால் ஒரு ஸ்கேல், ஜி 7 வந்தால் இன்னொரு ஸ்கேல், சி மேஜர் 7 வந்தால் மூன்றாவது ஸ்கேல்.

நம்ம பெயரில் சொன்னால் முதலாவது கரகரப்ரியா, இரண்டாவது அரிகாம்போதி, மூன்றாவது சங்கராபரணம். கணக்கு தப்பில்லை. ஆனால் கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும். சங்கராபரணத்தின் 'ரி'யை 'ச'வாக வைத்தால் கரகரப்ரியா, 'ப'வை 'ச'வாக வைத்தால் அரிகாம்போதி. அதாவது மூன்றுமே ஒரே ஏழு கட்டைகள்தான். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் மட்டும்.

ஒரே வீட்டுக்கு மூன்று முகவரி எழுதி மனப்பாடம் செய்கிற மாதிரி இது. 32 பார் உள்ள பாட்டில் இப்படி 20, 30 கார்டுகள் வந்தால் மூளை நின்றுவிடும். 'ஜாஸ் நமக்கு வராது' என்று பலர் விட்டுவிடுவதும் இந்த இடத்தில்தான்.

கார்டைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். விஷயமே அவ்ளோதான்.

நெற்குப்பைக்கு ஒரு பஸ் பயணம்

சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் நெற்குப்பையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பயண எழுத்தாளர் சோமலெ பிறந்த ஊர். காரைக்குடியில் வேலை முடிந்து நெற்குப்பையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறார் ஒருவர். வழியில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், அப்புறம் நெற்குப்பை.

பஸ்ஸில் தூங்கிப்போனவர் கண்விழித்து 'திருப்பத்தூர்' என்ற போர்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 'அடுத்து நம்ம ஊர்தான்.' பிள்ளையார்பட்டியைப் பார்த்தால்? 'இனி திருப்பத்தூர், அப்புறம் வீடு.' ஊரின் பெயர் அவருக்கு முக்கியமில்லை. வீடு இன்னும் எத்தனை ஊர் தள்ளி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஜாஸ் கார்டு வரிசையும் இதே மாதிரிதான். 1 கட்டை சுருதியில், அதாவது 'சி' வீடாக இருந்தால் வழி இப்படி:

• காரைக்குடி: இ மைனர் 7 ('க' மேல் கட்டிய கார்டு)
• குன்றக்குடி: ஏ மைனர் 7 ('த' மேல்)
• பிள்ளையார்பட்டி: டி மைனர் 7 ('ரி' மேல்)
• திருப்பத்தூர்: ஜி 7 ('ப' மேல்)
• நெற்குப்பை: சி மேஜர் 7 ('ச' மேல், வீடு)

க, த, ரி, ப, ச. ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்தும் எண்ணிப் பாருங்கள். க-ம-ப-த, த-நி-ச-ரி, ரி-க-ம-ப, ப-த-நி-ச. ஒவ்வொரு தடவையும் நான்காவது ஸ்வரத்துக்குப் போகிறது. மேற்கத்திய இசையில் வீட்டுக்குத் திரும்பும் பெரிய சாலை இதுதான்.

இதில் கடைசி மூன்று நிறுத்தங்கள் ஜாஸ் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ரி, ப, ச என்பது இரண்டாவது, ஐந்தாவது, முதலாவது ஸ்வரம். அதனால் இதற்கு 'டூ-ஃபைவ்-ஒன்' என்று பெயர். ஜாஸ் பாட்டைப் படிப்பது என்றால் பெரும்பாலும் இந்த டூ-ஃபைவ்-ஒன் எங்கே எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு ஸ்வரம்

சரி, வழி தெரிந்துவிட்டது. வாசிக்கும்போது என்ன செய்வது?

ஒவ்வொரு கார்டிலும் நான்கு ஸ்வரம் இருக்கிறது. அதில் கார்டின் குணத்தைச் சொல்வது இரண்டுதான். அடி ஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவதும் ஏழாவதும். ஜாஸில் இவற்றை 'கைடு டோன்' என்கிறார்கள். வழிகாட்டி ஸ்வரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

• டி மைனர் 7: ரி, ம, த, ச. வழிகாட்டி: ம, ச
• ஜி 7: ப, நி, ரி, ம. வழிகாட்டி: ம, நி
• சி மேஜர் 7: ச, க, ப, நி. வழிகாட்டி: க, நி

இப்போது வழிகாட்டிகளை மட்டும் பாருங்கள். முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது 'ம' அசையவில்லை, 'ச' மட்டும் 'நி'க்கு இறங்குகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது 'நி' அசையவில்லை, 'ம' மட்டும் 'க'வுக்கு இறங்குகிறது. இரண்டுமே அரை ஸ்வர இறக்கம்.

மூன்று கார்டு மாறினாலும் உண்மையில் நடந்தது இரண்டு சின்ன அசைவு. கீபோர்டில் வலது கை கிட்டத்தட்ட நகரவே இல்லை. கேட்பவரின் காதும் இந்த இறக்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பின்னணி வாத்தியமே இல்லாமல் ஒரு சாக்ஸபோன் தனியாக வாசித்தாலும், சரியான நேரத்தில் 'ச-நி', 'ம-க' என்று இறங்கினால் கார்டு மாறுவது காதில் கேட்கும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இதை நியாச ஸ்வரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் மூன்று கார்டுக்கும் பொது. ஆனால் நின்று இளைப்பாறும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜி 7 ஒலிக்கும்போது 'ச'வில் நீட்டி நின்றால் உரசும். சி மேஜர் 7 ஒலிக்கும்போது 'ம'வில் நீட்டி நின்றால் குத்தும். கடந்து போனால் பிரச்னை இல்லை. நிற்பதுதான் பிரச்னை.

ஒரு பாட்டைப் பிரித்துப் பார்ப்போமா?

ஜாஸ் படிப்பவர்கள் ஆரம்பத்திலேயே சந்திக்கும் பாட்டு 'ஆட்டம் லீவ்ஸ்'. ஜோசப் கோஸ்மா என்ற இசையமைப்பாளரின் மெட்டு. பிரெஞ்சுப் பாட்டாகப் பிறந்து ஜாஸுக்குள் வந்தது. வழக்கமாக வாசிக்கும் சுருதியில் அதன் முதல் பகுதி இப்படிப் போகும்:

ஏ மைனர் 7 – டி 7 – ஜி மேஜர் 7 – சி மேஜர் 7 – எஃப் ஷார்ப் மைனர் 7 ஃபிளாட் 5 – பி 7 – இ மைனர்

ஏழு கார்டு. பார்த்ததும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டைத் தேடினால் எளிதாகிவிடும்.

முதல் மூன்றும் டூ-ஃபைவ்-ஒன். வீடு 'ஜி', அதாவது 5 கட்டை. கடைசி மூன்றும் டூ-ஃபைவ்-ஒன்தான், ஆனால் மைனர் வகை. வீடு 'இ', அதாவது 3 கட்டை. நடுவில் இருக்கும் சி மேஜர் 7 இரண்டு வீட்டுக்கும் சொந்தம். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணை மாதிரி. வீட்டுக்காரரும் உட்காரலாம், தெருவில் போகிறவரும் உட்காரலாம்.

ஆக ஏழு கார்டு இல்லை. இரண்டு வீடு, நடுவில் ஒரு திண்ணை.

ராகக் கணக்கில் சொன்னால் முதல் பாதி 5 கட்டையில் சங்கராபரணம். இரண்டாம் பாதி 3 கட்டையில் கீரவாணி. இரண்டுக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம். 5 கட்டை சங்கராபரணத்தில் இருக்கும் 'டி', பி 7 கார்டு வரும்போது 'டி ஷார்ப்' ஆகிறது. அந்த ஒரு ஸ்வரத்தைச் சரியான இடத்தில் வாசித்தால் போதும், பாட்டு மைனருக்குத் திரும்பியது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

வழிகாட்டி ஸ்வரங்களையும் பாருங்கள். முதல் கார்டிலிருந்து பி 7 வரைக்கும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு ஸ்வரம் மட்டும் ஒரு படி இறங்குகிறது. மற்றது அப்படியே நிற்கிறது. பாட்டு முழுக்க மாடிப்படி இறங்குவது போன்ற ஒரு உணர்வு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொன்னமராவதி பக்கமிருந்தும் வரலாம்

நெற்குப்பைக்குத் திருப்பத்தூர் வழியாக மட்டும்தான் வர முடியுமா? எதிர்ப்பக்கம் பொன்னமராவதியிலிருந்தும் வரலாம். அது புதுக்கோட்டை மாவட்டம். மாவட்டமே வேறு, ஆனால் பக்கத்து ஊர்.

ஜாஸிலும் இப்படி ஒரு வழி உண்டு. 'ட்ரைடோன் சப்ஸ்டிட்யூஷன்' என்று பெயர். ஜி 7 வர வேண்டிய இடத்தில் டி ஃபிளாட் 7 போடுவார்கள். 1 கட்டை சுருதிக்கு இது சம்பந்தமே இல்லாத கார்டு மாதிரி தெரியும். அடி ஸ்வரமே சுத்த ரிஷபம்.

ஆனால் அதன் வழிகாட்டி ஸ்வரங்களைத் தேடினால் அங்கேயும் இருப்பது அதே 'ம', அதே 'நி'. பஸ்தான் வேறு, உள்ளே உட்கார்ந்திருப்பது அதே இரண்டு பேர். அதனால் வீட்டுக்கு வந்து சேர்வதில் எந்தக் குழப்பமும் இல்லை. கீழே பேஸ் வாத்தியம் மட்டும் சுத்த ரிஷபத்திலிருந்து 'ச'வுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும். பார்த்தால் பெரிய வித்தை. படித்துப் பார்த்தால் பக்கத்து ரோடு.

1959: ஒரே வருடம், இரண்டு பாதை

ஜாஸ் வரலாற்றில் 1959 ரொம்ப முக்கியமான வருடம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் அந்த வருடம்தான் வந்தது. அதன் முதல் பாட்டு 'ஸோ வாட்'. 32 பாரில் முதல் 16 பார் 2 கட்டையில் ஒரே ஸ்கேல். அடுத்த 8 பார் அதே ஸ்கேல் இரண்டரை கட்டையில். கடைசி 8 பார் மறுபடி 2 கட்டை. அந்த ஸ்கேலின் ஸ்வரங்கள் நம்ம கரகரப்ரியாவின் ஸ்வரங்கள்தான். கமகம் கிடையாது, நடை வேறு. ஆனாலும் கல்பனாஸ்வரம் பாடிப் பழகியவருக்கு ஜாஸுக்குள் நுழைய இதைவிட வசதியான வாசல் கிடைப்பது கஷ்டம்.

அந்த ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்தவர்களில் ஒருவர் ஜான் கோல்ட்ரேன். அதே 1959-ல் அவர் பதிவு செய்த பாட்டு 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. இது நேர் எதிர்ப்பாதை. 16 பார் பாட்டில் மூன்று வீடு: 7 கட்டை, 5 கட்டை, இரண்டரை கட்டை. முதல் மூன்று பாருக்குள்ளேயே மூன்று வீட்டையும் தொட்டுவிடும். வேகம் எவ்வளவு என்றால் ஒரு பாருக்கு ஒரு நொடிகூட இல்லை.

பதிவில் பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் சாதாரண ஆள் இல்லை. அவரே தன்னுடைய தனிவாசிப்பில் தடுமாறியது ஜாஸ் உலகில் இன்றும் பேசப்படுகிறது. கோல்ட்ரேனோ தண்ணீர் மாதிரி வாசித்துக்கொண்டு போவார். இந்த வழியில் அவர் முன்பே நிறைய நடந்து பழகியிருந்தார். மேடை ஏறிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது என்பதால்தான் படித்துப் பிரிக்கும் வேலையை வீட்டிலேயே முடிக்கிறார்கள்.

இது நம்ம ஆட்களுக்கு எதற்கு?

'ஜாஸ் கச்சேரி நடக்காத ஊரில் இதைப் படித்து என்ன பண்றது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பாடகர் 'அரை கட்டை குறைச்சுக்கோங்க' என்றால் பலரும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு அதே விரலில் வாசிப்பார்கள். அந்த நேரத்துக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் பாட்டுக்கு நடுவிலேயே சுருதி மாறினால் பட்டன் கைகொடுக்காது. பட்டன் இல்லாத பியானோ முன்னால் உட்கார்ந்தாலும் கைகொடுக்காது.

கார்டுகளைப் பெயராக மனப்பாடம் செய்யாமல் 'இது டூ, இது ஃபைவ், இது வீடு' என்று படித்தவருக்கு எந்தக் கட்டையும் ஒன்றுதான். ஸ்வரத்தில் சிந்திக்கும் பழக்கம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. 'ச' எங்கே வைத்தாலும் 'ச-ரி-க-ம' பாடத் தெரிந்தவர்கள்தானே?

இரண்டு பக்கமும் கால் வைத்தவர்கள் இருக்கிறார்கள். கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னா, சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், 2013-ல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் பெற்றவர். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி 2008 முதல் இயங்குகிறது.

வீட்டிலேயே ஆரம்பிக்க 5 படிகள்

1. இடது கையில் அடி ஸ்வரம் மட்டும், வலது கையில் வழிகாட்டி ஸ்வரம் இரண்டு மட்டும். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று மெதுவாக மாற்றிப் பாருங்கள். 'ச-நி', 'ம-க' இறங்குவது காதில் விழ வேண்டும்.

2. அதையே வாயால் பாடுங்கள். பாட வராததைக் கை வாசித்தாலும் அது விரல் பயிற்சிதான், கற்பனை ஆகாது.

3. டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல், வாரத்துக்கு ஒரு கட்டை என்று 12 சுருதியிலும் பழகுங்கள். மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

4. ஒரு பாட்டின் கார்டுகளைத் தாளில் எழுதி, எங்கெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு முன்னால் இருக்கும் கார்டுகளை அதோடு சேர்த்துக் கட்டுங்கள். மொத்தம் எத்தனை வீடு என்று எண்ணுங்கள்.

5. பாட்டின் மெட்டை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். மெட்டு தெரியாமல் கார்டை மட்டும் பிடித்துக்கொண்டு வாசித்தால், எத்தனாவது பாரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். கல்பனாஸ்வரம் பாடுபவர் எடுப்பை மறக்க முடியாதது போலத்தான் இதுவும்.

இதற்குப் பின்னணி வாசிக்க ஆள் இல்லையே என்ற கவலை வேண்டாம். ஐரியல் ப்ரோ போன்ற மொபைல் ஆப்களில் கார்டுகளைப் பதிந்தால் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். வேகத்தையும் சுருதியையும் குறைத்துக்கொள்ளலாம். சாதாரண கீபோர்டில் இருக்கும் 'ஸ்டைல்' வசதியே ஆரம்பத்துக்குப் போதும்.

சுருக்கமாக...

கர்நாடக சங்கீதத்தில் 'ச' அசையாது, ராகத்துக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது கேள்வி. ஜாஸில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும், அந்த நகர்வோடு சேர்ந்து எப்படிப் பேசுவது என்பது கேள்வி. கார்டுகளைப் படிப்பது அதற்கான தயாரிப்பு. வீடு எது, அதற்கு எத்தனை ஊர் இருக்கிறது, வழியில் எந்த ஸ்வரம் இறங்குகிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மிச்சம் உங்கள் கற்பனை. ஸ்கேல் பட்டியலை மூடி வைத்துவிட்டு, இன்றைக்கே 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த மாடிப்படி உங்கள் காதுக்கும் தட்டுப்படலாம்.